பெரிய ரூமும் சின்ன எண்ணும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார், அதைத் தன் வாயால் ஒப்புக்கொள்வதில்லை என்பதை மட்டும் ஒரு கொள்கையாக வைத்திருக்கிறார். நீயும் அங்கே சௌக்கியம் என்றே நம்புகிறேன், 'இருக்கேம்மா' என்று நீ அனுப்புகிற ஒற்றைச் சொல்லிலிருந்து அதற்கு மேல் எதையும் கண்டுபிடிக்கும் திறமை எனக்கு இல்லை. போனில் சொல்லாமல் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்பாய். இந்த வீட்டில் போன் பேசுவது எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரியும். ஸ்பீக்கரைப் போடு என்று உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்வார், நீ என்னிடம் கேட்கிற கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்வார், கடைசியில் நான் என்ன சமைத்தேன் என்பதைக்கூட அவர்தான் உனக்குச் சொல்வார். இது அவரைப் பற்றிய விஷயம். அதனால்தான் கடிதம்.

கோல்ட் ஸ்டோரேஜுக்குப் புது மேனேஜர் வந்த கதையை உனக்கு அரைகுறையாகச் சொல்லியிருந்தேன். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, எதைக் கேட்டாலும் பாலிசி என்பான், தும்மினால்கூட பாலிசிப்படி தும்முகிறான் என்று உன் அப்பா சொல்வார். அவன் கொண்டுவந்த பாலிசிகளில் ஒன்று, சூப்பர்வைசர் என்று இருப்பவர்கள் பள்ளிக் கணக்கில் பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்பது. இல்லாதவர்கள் வருட முடிவுக்குள் மறுதேர்வு எழுதிப் பாஸ் செய்துவிட வேண்டும், முடியாவிட்டால் பதவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்க வேண்டும். உன் அப்பா கணக்கில் ஃபெயில் என்பது இந்தத் தெருவில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. நீ நூறு வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அவர் அதைத்தானே பெருமையாகச் சொல்லுவார், நான் கணக்குல ஃபெயிலு, ஆனா கணக்கு டீச்சரையே கட்டிக்கிட்டேன் பாரு, என்று. அந்தப் பெருமை இப்போது மேனேஜரின் மேசை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மீன் பெட்டி தூக்குகிறவராகச் சேர்ந்து, இரண்டு குளிர் அறைக்கும் சூப்பர்வைசரானவர் அவர். மீன் வைக்கிற பழைய அறை ஒன்று, பிறகு கட்டிய ஐஸ்கிரீம் அறை ஒன்று. புதியது இரண்டு மடங்கு பெரியது, கட்டும்போதே ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்து வாங்கியது தான்தான் என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. இரண்டு சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். வீட்டில் குளிக்கப் போகும்போதுகூட அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஃபெயிலானால் அந்தச் சத்தம் போய்விடும், அதுதான் விஷயம்.

அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பது, பெட்டிகளைத் தூக்கி அடுக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற தம்பி. நம் வீட்டுக்கு வந்து உன் பெட்டியைத் தூக்கி ஏர்போர்ட் வண்டியில் வைத்தானே, அவன்தான். வண்டி ஓட்டுவதிலிருந்து கையுறை மாட்டுவது வரை எல்லாம் உன் அப்பாவிடம் கற்றவன். அவனும் கணக்கில் ஃபெயில். மேனேஜர் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்து, யார் பாஸோ அவருக்குப் பதவி, என்று சொல்லி அனுப்பிவிட்டான். இவர்கள் இருவரும் வெளியே வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அண்ணே, நான் ஃபெயிலாயிடறேண்ணே, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, எனக்கு அது நல்லாவே வரும், என்றானாம் அவன். இப்படிப்பட்ட உயர்ந்த லட்சியத்தோடு இரண்டு மாணவர்கள் எனக்குக் கிடைத்தார்கள்.

நேராக என்னிடம் வந்துவிட்டார் என்று நினைக்காதே. முதலில் தானே படித்துக்கொள்வதாக அறிவித்தார். நீயும் பாசமாக ஒரு ஆப் அனுப்பி வைத்தாய், சரியாகச் சொன்னால் முயல் கைதட்டும், தப்பாகச் சொன்னால் அழும். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த முயலை அழ வைத்துவிட்டு, இந்த முயலுக்கு ஒண்ணும் தெரியல, என்று செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதன் பிறகுதான் டயர் கடை மாடியில் என் மறுதேர்வு வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்புவோம், தெருமுனை வந்ததும் டீச்சரோடு வருவதை யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று கொஞ்சம் பின்தங்கிவிடுவார். வகுப்பில் என்னை எல்லோரையும் போல மிஸ் என்றுதான் கூப்பிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அந்த அறையில்தான் என்பதால் நானும் தடுக்கவில்லை.

அந்த அறையை நீ பார்த்ததில்லை. ஐந்து பெஞ்ச், ஒரு கரும்பலகை, பேச ஆரம்பித்தால் மட்டும் சத்தம் போடுகிற ஒரு ஃபேன். கீழே டயருக்குக் காற்றடிக்கிற மெஷின், நான் ஏதாவது முக்கியமான வரையறையைச் சொல்லும்போது பார்த்து உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும், பிள்ளைகள் விடவேண்டிய பெருமூச்சை அதுவே விட்டுவிடுவதால் அவர்களுக்கு மிச்சம். முதல் பெஞ்சில் பார்லரில் முடி வெட்டுகிற பெண் ஒருத்தி, நர்ஸ் படிப்பில் சேரக் கணக்கு வேண்டும் என்று வந்தவள். கடைசி பெஞ்ச் முழுக்க கோல்ட் ஸ்டோரேஜ் ஆட்கள், உன் அப்பா, தம்பி, இன்னும் இரண்டு பெட்டி தூக்குகிறவர்கள். வெயில் காலத்திலும் நீலக் கம்பளிக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்வார்கள்.

எண்களின் வகைகளில் ஆரம்பித்தேன். இதில் ஃபெயிலாவது கஷ்டம் என்று நினைப்பாய், ஆனால் மனிதர்கள் முயற்சி செய்தால் எதுவும் முடியும். சமையலறையில் ஒன்றுக்குள் ஒன்று போகிற பிளாஸ்டிக் டப்பாக்கள் இருக்கின்றனவே, அவற்றை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் சின்ன டப்பா இயல் எண்கள், ஒன்று இரண்டு மூன்று என்று விரல் விட்டு எண்ணுகிறோமே அவை. அதைத் தூக்கி அடுத்த டப்பாவில் வைத்துக் கூட ஒரு பூஜ்யத்தைப் போட்டால் முழு எண்கள். ஒரே ஒரு பூஜ்யத்துக்காகத் தனியா ஒரு டப்பாவா மிஸ், பார்லர்ல நாங்க ரெண்டு பேரு ஒரே கண்ணாடிய வச்சு வேல பாக்கறோம், என்றாள் அந்தப் பெண். அந்த டப்பாவை இன்னும் பெரிய டப்பாவில் வைத்து மைனஸ் போட்டவர்களையும் சேர்த்தால் முழுக்கள். அதையும் இன்னொன்றில் வைத்து, அரை, முக்கால் என்று பின்னமாக எழுத முடிகிறவர்களைச் சேர்த்தால் விகிதமுறு எண்கள். பின்னமாக எழுதவே முடியாத விகிதமுறா எண்களுக்கு இதற்குள் இடமில்லை, அவர்களுக்குப் பக்கத்தில் தனி டப்பா. இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் வைத்துவிட்டால் மெய்யெண்கள், கடை மூடியாயிற்று. வாயால் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் சொல். எங்களுக்குப் பல வாரம் ஆனது. சர்க்கரை வைக்க டப்பா இல்லை என்று உன் அப்பா தினமும் வீட்டில் ஞாபகப்படுத்தினார், டப்பாவில் என்ன இருந்தது என்பது மட்டும் அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு எண் எழுதிய துண்டுச் சீட்டு, அது அடங்குகிற டப்பாக்களிலேயே சின்னது எதுவோ அதில் கொண்டுவந்து போட வேண்டும். உன் அப்பாவுக்கு ரூட் ஒன்பது வந்தது. நேராகப் போய் விகிதமுறா டப்பாவில் போட்டுவிட்டுப் பெரிய காரியம் செய்தவர் போலக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். ரூட் போட்டிருக்கில்ல மிஸ், என்றார். ரூட் போட்டவர்கள் எல்லோரும் அந்த டப்பா இல்லை, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும், உள்ளே மூன்று சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, என்றேன். ரூட் இரண்டு மாதிரி ஆளைத் திறந்தால்தான் ஒன்று புள்ளி நான்கு ஒன்று நான்கு என்று முடிவும் இல்லாமல் ஒரு ஒழுங்காகத் திரும்பவும் வராமல் போய்க்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். உங்க அக்கா பேசற மாதிரியா மிஸ், என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. உன் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே, சொன்னால் விகிதமுறா எண்ணுக்கு அவளே நேரில் வந்து உதாரணம் காட்டுவாள்.

இதுவரை எல்லாம் சாதாரணத் தப்பு, எந்த வகுப்பிலும் வருவது. முழுக்களில்தான் அந்த விவகாரம் வந்தது. பலகையில் ஒரு நீளக் கோடு போட்டு, நடுவில் பூஜ்யம், வலப்பக்கம் ஒன்று இரண்டு, இடப்பக்கம் மைனஸ் ஒன்று மைனஸ் இரண்டு என்று எழுதிவிட்டு, மைனஸ் பதினெட்டு பெரியதா மைனஸ் இருபத்தைந்து பெரியதா என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் வாயில் ஏன் அந்த இரண்டு எண் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். கடைசி பெஞ்ச் மொத்தமும் ஒரே குரலில், இருபத்தஞ்சு, என்றது. பள்ளிப் பிரார்த்தனையில்கூட அப்படி ஒற்றுமையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இல்லை, கோட்டில் வலப்பக்கம் போகப் போகப் பெரியது, மைனஸ் பதினெட்டுதான் வலப்பக்கம் இருக்கிறது, என்றேன். தம்பி எழுந்து நின்றான். மிஸ், பதினெட்டு மீன் ரூமு, இருபத்தஞ்சு ஐஸ்கிரீம் ரூமு, நீங்க இருபத்தஞ்சுக்குள்ள கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, அப்புறம் வந்து சொல்லுங்க எது பெருசுன்னு, என்றான். அவனை உட்கார வைத்துவிட்டு உன் அப்பா எழுந்தார். பதினெட்டுக்கு ஒரு கோட்டு, இருபத்தஞ்சுக்கு உள்ள ஸ்வெட்டரு போட்டு மேல கோட்டு, இதுல எது ஜாஸ்தி மிஸ், என்றார். மிஸ் என்பதை அவர் சொன்ன விதத்தில் அதில் மரியாதை ஒரு சொட்டும் இல்லை.

அவர்கள் இடத்தில் யாரும் மைனஸ் என்று சொல்வதே இல்லை, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறைக்கே அதுதான் பெயர், பதினெட்டுக்குப் போ, இருபத்தஞ்ச மூடு, என்றுதான் பேச்சு. மைனஸ் பதினெட்டு என்று ஒருவன் சொன்னால் அவன் புதிதாகச் சேர்ந்தவன் என்று அர்த்தமாம், சிரிப்பார்களாம். அவர்கள் வேலையே குளிரை உண்டாக்குவது, எண் கூடக்கூட மெஷினுக்கு வேலை ஜாஸ்தி, கோட்டு ஜாஸ்தி, விறைப்பு ஜாஸ்தி. அப்படிப் பழகிய ஆளிடம் அந்த எண் சிறியது என்று ஒரு சாக்பீஸ் கோட்டைக் காட்டிச் சொன்னால் எப்படி இருக்கும். சொல்கிறவளும் பெண்டாட்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

சண்டை வீட்டுக்கும் வந்தது. ஒரு நாள் சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருக்கிற திருகியைக் காட்டினார், ஒன்று முதல் ஏழு வரை எண் போட்டிருக்கும், ஏழில் வைத்தால்தான் அதிகக் குளிர். பாத்துக்கோ, கம்பெனிக்காரனே சொல்றான், குளிர் கூடினா நம்பர் கூடும், நீ எந்தக் கம்பெனி, என்றார். அது வெறும் திருகி, டெம்பரேச்சர் இல்லை என்றேன். இதத்தான் சொல்லுவேன்னு தெரியும், என்று ஃப்ரிட்ஜை மூடினார், பால் பாத்திரம் கவிழ்ந்ததை நான்தான் துடைத்தேன். மாதிரித் தேர்வில், கீழ்க்கண்ட முழுக்களை ஏறுவரிசையில் எழுதுக என்ற கேள்விக்குக் கடைசி பெஞ்ச் நால்வரும் ஒரே தப்பை ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவும் இல்லை. உன் அப்பாவுக்கு மொத்தத்தில் முப்பது கூட வரவில்லை, பாஸாக முப்பத்தைந்து வேண்டும். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாடிப்படியில் தம்பி மெல்ல அவரிடம், அண்ணே, நான் பாதிப் பேப்பர காலியா விட்டுடறேண்ணே, நீங்க நிம்மதியா எழுதுங்க, என்று சொல்வது என் காதில் விழுந்தது. உன் அப்பா நின்றார். உன் தயவுல நான் சாவி வச்சுக்கணுமாடா, ஒழுங்கா எழுதல, அந்த ஃபோர்க்லிஃப்ட் மேல உன்ன ஏத்தி மேல் தட்டுல வச்சுட்டு வந்துடுவேன், என்றார். அவ்வளவு கோபத்தில் அவர் பேசி நான் பார்த்து நாளாயிற்று. அன்றுதான் எனக்கும் பயம் வந்தது. தம்பி ஒழுங்காக எழுதினால் பாஸாகிவிடுவான், இவர் ஆகமாட்டார் என்பது தாளைத் திருத்திய எனக்குத் தெரியும்.

அதற்காகத்தான் வகுப்பைக் கோல்ட் ஸ்டோரேஜுக்கு அழைத்துப் போனேன். மேனேஜரிடம் அனுமதி கேட்டபோது, கல்விச் சுற்றுலாவுக்குப் பாலிசி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றான், இல்லாததால் தடையும் இல்லை என்று கண்டுபிடித்து விட்டுவிட்டான். உன் அப்பா வாசலிலேயே நின்று ஆளுக்கொரு கோட்டு கொடுத்தார். எனக்குக் கொடுத்தது முழங்கால் வரை வந்தது, அதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இங்கே எழுத விரும்பவில்லை. மீன் அறைக் கதவு ஒரு சுவர் அளவு இருந்தது, தள்ளியதும் பிளாஸ்டிக் பட்டைத் திரை, அதற்குப் பின்னால் வெள்ளையாகப் புகை மாதிரி காற்று. கதவுக்கு மேல் சிவப்பு எண்ணில் மைனஸ் பதினெட்டு என்று எரிந்துகொண்டிருந்தது. மைனஸ் அங்கேதான் இருக்கிறது, அவர்கள்தான் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தட்டாகக் காட்டி அவர் விளக்கிக்கொண்டு வந்தபோது பார்லர் பெண் வாசலில் பட்டைத் திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கோணம், இன்னொரு கோணம், பிறகு தன்னையும் சேர்த்து ஒன்று. மேலே எண் பதினேழாகி, பதினாறாகியது. உன் அப்பா பார்த்துவிட்டார். கதவ விடும்மா, டெம்பரேச்சர் ஏறுது, என்று கத்தினார். தம்பியும் ஓடிவந்து, அண்ணே, பதினாறுக்கு ஏறிடுச்சு, பதினஞ்சு வந்தா மணி அடிச்சுடும், என்றான்.

சும்மா இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். எங்கிருந்து எங்கே ஏறிச்சு, என்று கேட்டேன். பதினெட்டுலேர்ந்து பதினாறுக்கு, என்றார் உன் அப்பா, சொல்லிக்கொண்டே வந்தவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். அதற்குள் அது பதினைந்தாகி மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி ஓடிவருகிறான், பார்லர் பெண் செல்போனைக் கீழே போட்டுவிட்டாள், தம்பி கதவைத் தள்ளுகிறான், இவர் மட்டும் அந்த மணிச் சத்தத்தில் அசையாமல் நிற்கிறார். தம்பிதான் கடைசியில் சொன்னான், அண்ணே, அப்போ ஏறினா பதினஞ்சு, எறங்கினா இருபத்தஞ்சு, நாம தினமும் இதத்தான சொல்லிட்டிருக்கோம், என்று. வாயை மூடு, என்றார் உன் அப்பா. வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையில் பின்தங்கவும் மறந்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் நான் சாக்பீஸை எடுப்பதற்குள் அவர் எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். இந்தப் பாடத்த மிஸ் சரியா நடத்தல, நான் சொல்றேன் கேட்டுக்குங்க, என்று ஆரம்பித்தார். பலகையில் கோட்டைப் படுக்கையாகப் போடாமல் நட்டுக்குத்தலாகப் போட்டார், நடுவில் பூஜ்யம், கீழே இறங்கினால் மைனஸ். குளிரக் கேட்டா இருபத்தஞ்சுல குளிர் ஜாஸ்தி, அது எங்க கணக்கு, அதுல தப்பே இல்ல. எண்ணக் கேட்டா மைனஸ் இருபத்தஞ்சு கீழ இருக்கு, மைனஸ் பதினெட்டு மேல இருக்கு, மேல இருக்கறதுதான் பெருசு. எதக் கேக்கறேன்னு மிஸ் மொதல்லயே சொல்லியிருந்தா இவ்ளோ நாள் வீணாகியிருக்காது, என்று சொல்லிவிட்டு சாக்பீஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார். கடைசி பெஞ்ச் தலையாட்டியது. கீழே காற்று மெஷின்கூட மரியாதையாகச் சும்மா இருந்தது. அவர் சொன்னது சரி, நான் அந்தக் கோட்டை நட்டுக்குத்தலாகப் போட்டிருக்கலாம். இதை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் அவர் வகுப்புக்கு வருகைப் பேராசிரியர் ஆகிவிடுவார், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தேர்வுக்கு அவரும் தம்பியும் ஒரே பைக்கில் போனார்கள். முடிந்து வந்தபோது எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். ஏறுவரிசை வந்துச்சு, என்றார், அவ்வளவுதான் செய்தி. போன வாரம் முடிவு வந்தது. தம்பிதான் மீன் அறைக்கு வெளியே கையுறையைக் கழற்றிவிட்டு செல்போனில் பார்த்திருக்கிறான். பார்லர் பெண்ணுக்கு ஐம்பத்து நான்கு, தம்பிக்கு அறுபத்தொன்று, உன் அப்பாவுக்கு முப்பத்தெட்டு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, முப்பத்தெட்டு இயல் எண், முழு எண், முழுக்கள், விகிதமுறு எண், மெய்யெண், அஞ்சு டப்பாலயும் பாஸ், என்றார். பக்கத்து வீட்டுக்கும், எதிர் வீட்டுக்கும், டயர் கடைக்காரருக்கும் இதையே சொன்னார். டயர் கடைக்காரர் ஐந்து பாடத்திலும் பாஸ் என்று நினைத்துக்கொண்டு வாழ்த்தினார், இவரும் திருத்தவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் போனிலேயே சொல்லியிருப்பேன், அவரும் ஸ்பீக்கரில் சேர்ந்து சொல்லியிருப்பார். முந்தாநாள் மேனேஜர் இருவரையும் கூப்பிட்டிருக்கிறான். இருவரும் பாஸ் என்பதால் இனி அறைக்கு ஒரு சூப்பர்வைசர், அதிக மதிப்பெண் வாங்கியவருக்குப் பெரிய அறை, அதுதான் பாலிசி என்றிருக்கிறான். இந்தப் பாலிசி நேற்று வரை இல்லை என்று உன் அப்பா சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. தம்பிதான், வேணாம் சார், எனக்கு ஃபோர்க்லிஃப்டே போதும் சார், என்று நின்றிருக்கிறான். உன் அப்பா இடுப்பிலிருந்து ஐஸ்கிரீம் அறைச் சாவியைக் கழற்றி அவன் கையில் வைத்து, கதவோட கீழ் ரப்பரு இடப்பக்கம் லேசா விலகும், தினமும் அழுத்தி விட்டுப் பூட்டணும், மறந்துடாத, என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இது எல்லாமே தம்பி எனக்குப் போன் செய்து சொன்னது. அறுபத்தொன்று வாங்கியவன் ஃபெயிலானவனைப் போல என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

சாயங்காலம் இவர் வந்தார். ஒற்றைச் சாவி என்பதால் சத்தம் வரவில்லை, வாசலில் வந்து நின்ற பிறகுதான் வந்ததே எனக்குத் தெரிந்தது. கோட்டை ஆணியில் மாட்டினார். டீ கொடுத்தேன். வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் நான் ஏதாவது ஒன்று சொல்வேன், அது உனக்குத் தெரியும், இந்தக் கடிதம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை. அவர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். இருபத்தஞ்ச தம்பிக்குக் குடுத்துட்டாங்க, என்றார். ம், என்றேன். எனக்குப் பதினெட்டு, என்றார். ம், என்றேன். பிறகு, மைனஸ் பதினெட்டுதான் பெருசு, நீதானே சொல்லிக் குடுத்த, என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆமாம், அதுதான் பெரியது, என்றேன். மாதம் முழுக்க என்னோடு மல்லுக்கட்டியவர் இப்போது அந்தப் பதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், இப்படிப் பயன்படும் என்று எனக்கே தெரியாது.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது பெரிய ரூம் என்ன ஆச்சு என்று கேட்காதே. மார்க் என்ன என்று கேள், டப்பாக் கதையைச் சொல்வார், முதல் தடவை கேட்பது போலச் சிரி. பிறகு மைனஸ் பதினெட்டு பெரியதா மைனஸ் இருபத்தைந்து பெரியதா, எனக்கு மறந்துபோச்சுப்பா, என்று கேள். நூறு வாங்கியவள் கேட்கிறாயே என்று நட்டுக்குத்தலாகக் கோடு போட்டு விளக்குவார், போனில் கோடு தெரியாது என்பதைச் சொல்லாதே. சரியான இடத்தில் அப்படியா என்று மட்டும் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடைவாய்ப் பல்லை இன்னும் டாக்டரிடம் காட்டாமல் இருக்கிறாய் என்று உன் பேச்சிலேயே தெரிகிறது, ஒரு பக்கமாக மென்றுகொண்டு பேசுவதைக் கண்டுபிடிக்க ஸ்பீக்கர் வேண்டியதில்லை. தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு வெளியே போ. உனக்கு நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் உன் ஆபீஸில் பாலிசி பேசாத ஒரு மேனேஜரும் வாய்க்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவுடையதும் உண்டு, கேட்டால் தரமாட்டார், கேட்காமலே எடுத்துக்கொள்.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உன் ஊரில் இப்போது மைனஸ் பத்து என்று போன தடவை சொன்னாய், பத்தெல்லாம் ஒரு குளிரா, என்று அவர் சிரித்தார். கணக்குப்படி பார்த்தால் உன்னுடையது அவருடைய பதினெட்டைவிடப் பெரியது. அவரிடம் அதைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
(கடைசி பெஞ்சுக்கு மட்டும், மிஸ்)